தெக்கு சுவத்து வெயில வீட்டுக்குள்ள கொண்டு வந்த அனுபவம்

மலையூர் குளிர எப்படி சமாளிக்கிறதுன்னு இங்க பேசுறப்ப எல்லாரும் ரூம் ஹீட்டர் பத்தி எழுதியிருக்கீங்க, நாங்க வேற ஒண்ணு பண்ணுனோம். வீடு ஊட்டிகிட்ட கேத்தி பக்கம். ஜனவரில ராத்திரி உறைபனி விழும், ஆனா பனி கரைஞ்சதும் அடிக்குற வெயில் முதுகு சுடும், அது அத்தனையும் தெக்கு சுவத்துல பட்டு வீணா போகும், உள்ள அம்மா ரூம்ல ஓதம், பூஞ்சை வாசம், பகல்லயே ஸ்வெட்டரோட உக்காந்திருப்பாங்க.

ஆசாரிய வெச்சு அந்த சுவத்துக்கு வெளிய கதவு சைஸ்ல ஒரு பெட்டி அடிச்சோம். முன்னாடி கண்ணாடி, உள்ள கறுப்பு மேட் பெயிண்ட் அடிச்ச தகரம், பின்னாடி சூடு வெளிய போகாம தடுக்க கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு). தெர்மாகோல் மட்டும் வெச்சுராதீங்க, சூட்டுல சுருங்கிரும். கீழ வெளிக்காத்து நுழைய வலை போட்ட ஓட்டை, மேல ரூமுக்குள்ள தொறக்குற ஓட்டை, அதுல சின்ன டிசி ஃபேன். சோலார் பேனல்ல இருந்து நேரா கனெக்‌ஷன், பேட்டரி கிடையாது, வெயில் வந்தா ஓடும், மேகம் மூடுனா நின்னுரும். வெளிய இருக்குற புதுக்காத்தே சூடாகி உள்ள வருது, எதிர் ஜன்னல கொஞ்சம் தொறந்து வெச்சா பழைய ஈரக்காத்து வெளிய போயிருது. இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஹீட்டர் உள்ள இருக்குற காத்தையேதான திரும்பத் திரும்ப சூடு பண்ணும், ஓதம் எங்க போகும்?

ஏன் தெக்குன்னா, நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்க இருக்கு. டிசம்பர் கடைசில மத்தியானம்கூட சூரியன் தெக்க சாஞ்சு 55 டிகிரி உயரத்துலதான் இருக்கும், கண்ணாடில நல்லா விழும். மே, ஜூன்ல உச்சிக்கு வடக்க போயிரும், அப்போ சூடு ஏறாது.

ராத்திரிக்கு இது உதவாது, தகரம் பொழுது சாஞ்சதும் ஆறிரும். மேல் ஓட்டைய சாயங்காலமே மூடிரணும், இல்லன்னா குளிர்காத்து உள்ள இறங்கும். பிரான்ஸ்ல ட்ரோம்ப்னு ஒரு எஞ்சினியர் 1967ல ஓடேயோங்குற மலையூர்ல கண்ணாடிக்குப் பின்னாடி தடிமனான கான்கிரீட் சுவத்தையே கறுப்படிச்சு வீடு கட்டுனார், அந்த சுவரு பகல்ல சூட்ட வாங்கி வெச்சு ராத்திரி விடும். லடாக்லயும் அந்த மாதிரி கட்டியிருக்காங்க. புதுசா வீடு கட்டுறவங்க அத யோசிக்கலாம்.

—

அண்ணா, நாங்க கொடைக்கானல், வில்பட்டி பக்கம். போன குளிர்ல தெரிஞ்சவங்க வீட்டுல கதவ சாத்திட்டு கரி அடுப்பு வெச்சாங்க, கொஞ்ச நேரத்துலயே எங்க சித்திக்கு தலை சுத்தி வாந்தி, வெளிய தூக்கிட்டு வந்துதான் தெளிஞ்சாங்க. அதுல இருந்து நெருப்புன்னாலே பயம். எங்களுக்கு இந்த பெட்டி சரிவருமா?

—

தயவு செஞ்சு கரி வேண்டாம்மா, கரி எரியுறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயுவுக்கு வாசமே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும். அக்டோபர், நவம்பர்ல உங்களுக்கு மழை மேகம், அப்போ பெருசா எதிர்பாக்காதீங்க. ஜனவரி, பிப்ரவரில நல்லா ஓடும். முதல்ல தெக்கு சுவத்துல மரநிழல் விழுதான்னு காலைல இருந்து சாயங்காலம் வரை பாருங்க, பாத்துட்டு சொல்லுங்க, அளவெல்லாம் அனுப்புறேன்.