முதல் பக்கத்து முகமும் இருநூறாவது பக்கத்து முகமும்: வளர்ச்சியா, வழுக்கலா?

மைக்கூடு:
வெப்காமிக் (இணையத்தில் தொடராக வரும் படக்கதை) ஒன்றின் முதல் பக்கத்தையும் இருநூறாவது பக்கத்தையும் அருகருகே வைத்தால் நாயகியையே அடையாளம் தெரியாது. உடனே ‘பாணி மெருகேறிவிட்டது’ என்று கை தட்டுகிறோம். பாதி நேரம் அது மெருகே இல்லை. நேற்றைய பக்கத்தைப் பார்த்து இன்றைய பக்கம், இன்றையதைப் பார்த்து நாளையது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கிற கதைதான். முதலில் மாறுவது கண். திரையை 300 சதவீதம் பெரிதாக்கி அதை மட்டும் செதுக்கினால் முகத்தைக் கேட்காமல் கண் வளரும். இரு கண்களுக்கு நடுவே ஒரு கண்ணகலம் இடைவெளி இருக்க வேண்டியது பாதியாகும், நெற்றி குறுகும், கடைசியில் எல்லாருக்கும் ஒரே முகம், முடி மட்டும் வேறு.

மாதிரித் தாள் வையுங்கள்: நேர், முக்கால், பக்கவாட்டுத் தலைகள், எத்தனை தலை உயரம் என்று கோடு போட்ட முழு உடல். 20 பக்கத்துக்கு ஒருமுறை புதிய தலையை 50 சதவீத ஒளிபுகு லேயராக (வரைகலை மென்பொருளில் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) அதன் மேல் வைத்துப் பாருங்கள். எங்கே நகர்ந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

கிறுக்கல்:
மாதிரித் தாளை எப்போது வரைகிறோம்? ஒன்றும் தெரியாத முதல் நாளில். அந்த அறியாமைக்கு ஆயுள் சந்தா கட்டச் சொல்கிறீர்கள். 1950இல் ‘பீனட்ஸ்’ படக்கதையின் ஸ்னூப்பி நாலு காலில் நடந்த சாதாரண நாய்க்குட்டி. அதை வரைந்த ஷுல்ஸ் மாதிரித் தாளைக் கட்டி அழுதிருந்தால் நிமிர்ந்து நடக்கும் ஸ்னூப்பி நமக்குக் கிடைத்திருக்காது. 2003இல் தொடங்கிய ‘குவெஸ்சனபிள் கன்டென்ட்’ வெப்காமிக்கின் பழைய பக்கங்களையும் இன்றையதையும் பாருங்கள், வேறு ஆள் வரைந்தது போல இருக்கும். கதை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மைக்கூடு:
ஷுல்ஸின் கடைசி ஆண்டுகளில் கோடு நெளிந்தது கை நடுக்கத்தால். அதையும் மெருகு என்பீர்களா?

கிறுக்கல்:
இல்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தாலும் அவர் கைதான் என்று தெரிந்தது. நான் கேட்பது அவ்வளவுதான்.

ஏழாம்லேயர்:
இருவரும் கருவியை விட்டுவிட்டீர்கள். மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் காமிக்குக்கு வெளியீட்டு அகலம் பெரும்பாலும் 800 பிக்சல். 2400இல் வரைந்து சுருக்குகிறார்கள். 6 பிக்சல் கோடு 2 ஆகும், பரவாயில்லை. 3 பிக்சல் இமைக்கோடு 1 ஆகிச் சாம்பலாய் மங்கும். அது பிடிக்காமல் ஓவியர் கோட்டைத் தடிப்பாக்குவார், தடித்த கோட்டுக்குச் சின்ன விவரம் அடங்காது, மூக்கு ஒரு புள்ளியாகும். ‘எளிமையான புதுப் பாணி’ பிறந்த இடம் அதுதான்!

கை நடுக்கத்தைச் சமன் செய்து கோட்டைச் சீராக்கும் மென்பொருள் வசதியான ஸ்டெபிலைசர் இன்னொன்று. அதிகமாக ஏற்றினால் வளைவு வழுவழுப்பாக வரும், ஆனால் முழங்கை, தாடை போன்ற முனைகள் மழுங்கும். நீண்ட முடிக்கு ஏற்றுங்கள், முகத்துக்கு இறக்குங்கள். ஒரே அளவில் விட்டால் ஆறு மாதத்தில் எல்லாக் கோடும் குழாய் போல ஆகிவிடும்.

மைக்கூடு:
இதைத்தானே வழுக்கல் என்கிறேன். முடிவெடுத்து மாறினால் வளர்ச்சி. மென்பொருள் தள்ளி மாறினால்?

கிறுக்கல்:
தள்ளியது எதுவானாலும், பிடித்ததை வைத்துக்கொள்வது ஓவியர்தான். மாறவே கூடாதென்றால் ‘டைனோசர் காமிக்ஸ்’ என்ற வெப்காமிக்கின் வழி இருக்கிறது: 2003இலிருந்து அதே படங்கள், வசனம் மட்டும் புதிது. அது ஒரு நகைச்சுவை உத்தி, எல்லாருக்கும் ஆகாது.

ஏழாம்லேயர்:
சரி, பழைய அத்தியாயங்களைத் திரும்ப வரையலாமா?

கிறுக்கல்:
வேண்டாம். 30 பக்கம், பக்கத்துக்கு 6 மணி நேரம் என்றால் 180 மணி. வாரம் 2 பக்கம் போடுபவருக்கு 15 வாரப் புதிய பக்கங்கள் போச்சு. முடித்ததும் இரண்டாம் அத்தியாயம் அசிங்கமாகத் தெரியும். அடியில்லாப் பள்ளம்.

மைக்கூடு:
இதில் உடன்படுகிறேன், அதிசயம்தான். எழுத்தை மட்டும் மாற்றலாம். பேச்சுக்குமிழிகளைத் தனி லேயரில் வைத்திருந்தால் படத்தைத் தொடாமல் போன் திரைக்கேற்பப் பெரிதாக்கலாம். படத்தோடு ஒட்டிச் சேமித்திருந்தால் குமிழிக்குப் பின்னால் இருப்பதைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.

மாதிரித் தாளை நான் விடவில்லை. வருடம் ஒருமுறை புதிதாக வரையுங்கள், பழையதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கிறுக்கல்:
வருடா வருடம் மாற்றலாம் என்றால் அது என் கட்சி, ஐயா.

மைக்கூடு:
தேதி போட்டு மாற்றினால் என் கட்சி.