எஸ்டோனியா பேனல் வீடுகள்: சங்கம் கூடிப் புதுப்பிக்கும்போது எது எங்கே சிக்கும்?

தாலினிலும் தார்த்துவிலும் பேனல் கட்டடத்தில் (ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய சோவியத் கால அடுக்குமாடி) வீடு வாங்கியவர்கள் மாறி மாறிக் கேட்பது இதுதான்: "எங்கள் கட்டடச் சங்கம் புதுப்பிக்க ஓட்டெடுப்பு வைக்கிறது, கையைத் தூக்கலாமா?" தூக்கலாம். ஆனால் திட்டத்தாள் கைக்கு வந்ததும் சுவருக்கு எவ்வளவு தெர்மோகோல் என்ற பக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, காற்றோட்டப் பக்கத்தைப் படியுங்கள். அந்தப் பக்கமே இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. தாலினில் முஸ்தமே 1960-களில் எழுந்த ஐந்து மாடிப் பேட்டை, பெரும்பாலும் 1-464 என்ற ஒரே அச்சு வடிவமைப்பு வரிசை. அதே நகரின் லாஸ்னமே 1970-களில் தொடங்கியது, ஒன்பது மாடி, 111-121 வரிசை. சோவியத் ஆட்சி போனபின் 1990-களில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே தனியார் சொத்தாயின. கூரை, வெளிச்சுவர், குழாய்கள் எல்லாம் பொதுச்சொத்தாக நின்றன. 2018 ஜனவரி 1 முதல் இப்படிப் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் சட்டப்படியே ஒரு உரிமையாளர் சங்கம் உண்டு. "நான் சேரவில்லை" என்று யாரும் ஒதுங்க முடியாது. கடன் வாங்குவதும் ஒப்பந்தம் போடுவதும் சங்கம்தான். தனித்தனி வீட்டை யாரும் அடகு வைப்பதில்லை.

*

ஓட்டு விஷயத்தை விரித்துச் சொல்லிவிடுகிறேன், பாதித் திட்டங்கள் அங்கேதான் கவிழ்கின்றன. கட்டடத்தை நவீனப்படுத்தும் முடிவுக்குக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பான்மை போதாது. எல்லா உரிமையாளர்களின் ஓட்டிலும் பாதிக்கு மேல் வேண்டும், பொதுச்சொத்தின் பங்கிலும் பாதிக்கு மேல் வேண்டும். ஆக, வராதவர் ஓட்டு எதிர் ஓட்டுக்குச் சமம். பெரிய கடனுக்கும் இதே கணக்குதான். வீட்டை வாடகைக்கு விட்டுப் பின்லாந்தில் வேலை செய்பவர், அம்மா இறந்தபின் வாரிசு பதிவு செய்யாமல் கிடக்கும் வீடு, இவற்றையெல்லாம் முதலில் பட்டியல் போட்டுத் தேடிப் பிடிக்க வேண்டும். கூட்டம் கூட்டாமல் எழுத்து மூலமும் முடிவெடுக்கச் சட்டம் இடம் தருகிறது, வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் வழி. ரஷ்ய மொழி பேசுவோர் நிறைந்த லாஸ்னமேயில் அறிவிப்பு ரஷ்ய மொழியிலும் போகாவிட்டால் அந்தக் கூட்டத்தை நடத்தாமலே இருக்கலாம்.

கூட்டத்தில் மொத்தச் செலவைச் சொல்லாதீர்கள், பயந்துவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு என்று சொல்லுங்கள். உதாரணக் கணக்கு: 60 வீடு, 3,000 ச.மீ., சதுர மீட்டருக்கு 300 யூரோ என்றால் 9 லட்சம் யூரோ. மானியம் 30% கிடைத்தால் மீதி 6.3 லட்சம் கடன். 4% வட்டி, 20 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 3,820 யூரோ, அதாவது ச.மீட்டருக்கு 1.27. ஐம்பது ச.மீ. வீட்டுக்கு 64 யூரோ. இதன் எதிரே, வெப்பத்துக்குக் கட்டும் குளிர்காலப் பில்லில் பாதி குறைந்தால் எவ்வளவு என்று வையுங்கள். மாதத்தவணையைச் சேமிப்பே முழுதாக அடைத்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். சில கட்டடங்களில் அடைக்கும், பலவற்றில் அடைக்காது. ஆனால் உடைந்த பால்கனியையும் ஒழுகும் கூரையையும் எப்படியும் சரிசெய்தாக வேண்டும், அந்தச் செலவையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும்.

மானியம் கிரெடெக்ஸ் என்ற அரசு நிதி அமைப்பின் வழியாக 2010-இல் 15, 25, 35 சதவீதம் என்று மூன்று படியாகத் தொடங்கியது. எவ்வளவு முழுமையான வேலையோ அவ்வளவு பெரிய மானியம். அந்தப் படியமைப்புதான் எஸ்டோனியா செய்த நல்ல காரியம் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் எல்லாரும் கூரையை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தியிருப்பார்கள். இப்போது விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறுகின்றன, விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதியைப் பாருங்கள்.

*

சுவர் பற்றி. பேனல் என்பது வெளிக் கான்கிரீட், நடுவில் பழைய வெப்பக் காப்பு (குளிரைத் தடுக்கும் அடுக்கு), உள் கான்கிரீட் என்று மூன்றடுக்கு. வெளித்தட்டு சில சென்டிமீட்டர்தான். புதிய காப்பைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கர் ஆணி எவ்வளவு தாங்கும் என்பதை அந்தக் கட்டடத்திலேயே, பல மாடிகளில், இழுத்துப் பார்க்கும் சோதனை செய்து எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். கட்டட மூலைகளில் வீசும் காற்று காப்பை வெளியே அதிகம் இழுக்கும், அங்கே ஆங்கர் கூடுதல்.

காப்பு 150 முதல் 200 மி.மீ. ஐந்து மாடிக்குத் தெர்மோகோல் போட்டாலும் தீ பரவாமல் நடுவே ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பட்டைகள் வேண்டும். ஒன்பது மாடிக்கு எரியாத ராக்வூல்தான். அடித்தளச் சுவரை மறக்காதீர்கள். காப்பை மண்ணுக்குக் கீழும் இறக்காவிட்டால் தரைத்தள வீட்டின் தரையோரம் குளிர்ந்தபடியே இருக்கும்.

அதிகம் தப்பாவது ஜன்னல் ஓரம். 2000-களில் பலர் சொந்தக் காசில் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிட்டார்கள். அவை பழைய இடத்தில், சுவரின் உள்பக்கமாக நிற்கின்றன. வெளியே 200 மி.மீ. காப்பு ஏறியதும் ஜன்னல் குழிக்குள் போய்விடும், வெளிச்சம் குறையும், சட்டத்தைச் சுற்றிக் குளிர் உள்ளே ஊரும். சரியான வழி மூன்று கண்ணாடி ஜன்னலைக் காப்பின் வரிசைக்கே வெளியே தள்ளிப் பொருத்துவது. "என் ஜன்னல் நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்" என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவருடையது அங்கேயே இருக்கட்டும், ஜன்னலைச் சுற்றிய பக்கச்சுவருக்குக் குறைந்தது 20–30 மி.மீ. காப்பாவது போடச் சொல்லுங்கள்.

பூச்சு வேலைக்குக் காற்றும் சுவரும் +5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அக்டோபர் இறுதியில் அவசர அவசரமாக முடித்த சுவர் அடுத்த வசந்தத்தில் உப்பி நிற்பதைப் பார்க்கலாம். ஒப்பந்தத் தேதியைக் குளிர்காலத்துக்குள் நீட்டவிடாதீர்கள்.

*

பால்கனியைத் தொடும் முன் ஒரு எளிய சோதனை: கான்கிரீட்டில் ஒரு துண்டு உடைத்து, புதிய முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். ஊதா-சிவப்பாக மாறும் இடம் நலமாக இருக்கிறது. நிறமே மாறாத வெளி அடுக்கு காற்றின் கரியமில வாயு ஏறிக் கார்பனேற்றம் அடைந்தது, கம்பியைத் துருவிலிருந்து காக்காது. நிறமாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் மேலே வண்ணம் பூசுவது வெறும் கண்துடைப்பு. பால்கனிக்குக் கண்ணாடி அடைப்பவர்கள் கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள், முழுதாக மூடினால் குளிர்காலத்தில் உள்ளே நீர் கோத்துச் சொட்டும்.

*

இப்போது காற்று. காற்றோட்டப் பக்கத்தை முதலில் படியுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஏன் என்று சொல்கிறேன்.

சோவியத் கட்டடத்தில் காற்று மர ஜன்னலின் இடுக்கு வழியாக வந்து, சமையலறை, குளியலறை ஷாஃப்ட் (கூரை வரை போகும் செங்குத்துக் காற்றுக்கூடு) வழியாகத் தானே மேலேறிப் போகும். இறுக்கமான ஜன்னல் போட்டதும் உள்ளே வரும் வழி அடைபட்டது. ஈரம் வெளியேறாமல் மூலைகளில், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. வெளிக்காப்பு சுவரைச் சூடாக்குவதால் பூஞ்சை குறையும், ஆனால் படுக்கையறையில் கரியமில வாயு குறையாது. காலையில் தலைவலி என்பவர்கள் கரியமில வாயுவை அளக்கும் ஒரு மீட்டர் வாங்கி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள்.

ஆரம்ப ஆண்டுகளில் பலர் ஒவ்வொரு அறைச்சுவரிலும் துளையிட்டுச் சிறு விசிறிப்பெட்டி வைத்தார்கள். மலிவு, ஆனால் உயரமான கட்டடத்தில் காற்றழுத்தம் அதை எதிர்த்துத் தள்ளும். சத்தம் தாங்காமல் மக்கள் வேகத்தைக் குறைப்பார்கள், பிறகு அணைத்தே விடுவார்கள். பெரிய மானியம் வேண்டுமென்றால் இப்போது இரண்டு வழிதான் பெரும்பாலும்.

ஒன்று, கூரையில் வெப்பமீட்புக் கருவி, அதாவது வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றுவது. புதுக் காற்றுக் குழாயை வெளிச்சுவரின் புதிய காப்புக்குள்ளேயே இறக்கி ஒவ்வொரு அறைக்கும் விடுவார்கள். கழிவுக் காற்று பழைய ஷாஃப்ட்டில் ஏறும். வீட்டுக்குள் குழாய் ஓடாது என்பதால் மக்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஷாஃப்ட்டைச் சுத்தம் செய்து, கசிவு அடைத்து, அளந்து பார்க்க வேண்டும். யாராவது மோட்டார் வைத்த கிச்சன் சிம்னியைப் பொது ஷாஃப்ட்டில் சொருகியிருப்பார்கள். அதை எடுக்காவிட்டால் மூன்றாம் மாடியின் மீன்பொரியல் நான்காம் மாடிக் குளியலறையில் மணக்கும்.

இரண்டு, கழிவுக் காற்றை இழுத்து அதன் வெப்பத்தை ஹீட் பம்ப்பால் (குறைந்த சூட்டை உயர்த்தித் தரும் மின்கருவி) தண்ணீருக்கு மாற்றுவது. புதுக் காற்று ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள வடிகட்டி வழியாக வரும்.

எதுவானாலும் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நொடிக்கு 10 லிட்டர் அளவில் காற்று வருகிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். "சராசரி சரியாக இருக்கிறது" என்பதற்கு மதிப்பில்லை, கீழ்மாடியில் 4, மேல்மாடியில் 16 என்றாலும் சராசரி பத்துதான்.

*

மேலே சொன்ன இரண்டாவது வழிக்கு ஒரு எச்சரிக்கை. வெளியே −20 இருக்கும்போது தெர்மோஸ்டாட்டை முழுதாக மூடினால், பின்னால் வரும் குளிர்காற்றில் அந்த ரேடியேட்டரே உறையக்கூடும். முழுதாக மூட முடியாத வால்வு வேண்டும். வடிகட்டி அடைத்தாலோ, குளிர் வீசுகிறதென்று யாராவது துணி வைத்து அடைத்தாலோ, இழுவிசிறி காற்றை வாசற்கதவு இடுக்கிலிருந்தும் அடுத்த வீட்டிலிருந்தும் இழுக்கும். வடிகட்டி மாற்றும் வேலையை வீட்டுக்காரரிடம் விடாமல் சங்கமே ஆள் வைத்துச் செய்து மாதக் கட்டணத்தில் சேர்ப்பது நல்லது. ஹீட் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது, நகர நிலையத்திலிருந்து குழாயில் வரும் வெப்பத்தின் விலையோடு ஒப்பிட்ட கணக்கை ஒரே ஒரு மின்விலைக்கு மட்டும் போடாதீர்கள்.

*

வெப்பக் குழாய்: பழையது ஒற்றைக் குழாய் முறை, முதல் ரேடியேட்டர் கொதிக்கும், கடைசி ரேடியேட்டர் வெதுவெதுப்பாக இருக்கும். இரட்டைக் குழாய், தெர்மோஸ்டாட், செங்குத்துக் குழாய்களுக்குச் சமன்படுத்தும் வால்வு மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ்வரம்பு 18 டிகிரி வைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தன் வீட்டை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சூட்டில் குளிர்காய்வார்.

எல்லா வேலையும் முடிந்தபின் அடித்தளத்தில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டின் வளைகோட்டை (வெளிக் குளிருக்கு ஏற்பத் தண்ணீர் எவ்வளவு சூடாக வர வேண்டும் என்ற அமைப்பு) குறைக்க மறப்பது சர்வசாதாரணம். கட்டடத்தின் தேவை பாதியாகியிருக்கும், தண்ணீர் மட்டும் பழைய சூட்டிலேயே வரும். அறை 24 டிகிரி, ஜன்னல் திறந்திருக்கும், பில் குறையாது, "காப்பே ஏமாற்று" என்று பேச்சு கிளம்பும். முதல் குளிர்காலம் முழுக்கப் படிப்படியாக இறக்கிப் பார்க்கும் வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

*

தாலின் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. வடகிழக்கிலுள்ள கோஹ்ட்லா-யார்வே போன்ற இடங்களில் வீட்டு விலை மிகக் குறைவு, காலி வீடுகளும் உண்டு, வங்கி கடன் தரத் தயங்கும். மானிய சதவீதம் அங்கே கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம். பக்கத்து லித்துவேனியாவில் சங்கத்தை நம்பி நின்ற திட்டம் நகரவில்லை. 2013 வாக்கில் அங்குள்ள இக்னலினா என்ற சிற்றூர் நகராட்சி காட்டிய வழியில் நகராட்சி நியமித்த நிர்வாகியே கடன் வாங்கி வேலையை முடிக்க ஆரம்பித்தபின்தான் வேகம் வந்தது. ஏழைக் குடும்பங்களின் தவணையை அரசு ஏற்றது. உக்ரைனில் பல பேட்டைகளில் அவரவர் வீட்டுக்கு மட்டும் கயிற்றில் தொங்கும் ஆளை வைத்து வெளியே தெர்மோகோல் ஒட்டுகிறார்கள். சுவரே கட்டம் கட்டமாக நிறம் மாறித் தெரியும். ஒட்டிய துண்டின் ஓரங்கள் வழியே குளிரும் மழைநீரும் இறங்கும்.

*

கடைசியாக, இனிமேல் வீடு வாங்கப்போகிறவர்களுக்கு: சங்கத்திடம் கடைசி மூன்று வருட வெப்பப் பில், கடன் நிலுவையும் முடியும் ஆண்டும், கடைசிப் பொதுக்கூட்டத் தீர்மானம், பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்ணிக்கை, இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். புதுப்பித்த கட்டடமானால் காற்றளவுத் தாளும். கடன் சங்கத்தின் பேரில் இருந்தாலும் தவணை வீட்டோடு வரும், விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள்.