நத்தாருக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கதை வேண்டும்

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபையில் இளைஞர்களோடு லூக்கா 2ஆம் அதிகாரத்தைத் தியானிக்கிறோம். தேவதூதர், மேய்ப்பர் எல்லாம் மனப்பாடம். இந்த முறை முதல் வசனத்தையே என்னால் தாண்ட முடியவில்லை. அகுஸ்து ராயன் கட்டளை போட, பேர் பதிய நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகிறாள் ஒரு கர்ப்பிணி. நம் தாத்தா பாட்டிமாரும் பேர் பதியத்தானே அலைந்தார்கள்? 1948 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இங்கே இருப்பவர், இந்தியாவுக்குப் போகிறவர் என்று குடும்பங்களைப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள் எத்தனையோ பேர்.

எங்கள் அப்பாயி, கொழுந்தெடுக்கக் கட்டும் படங்குச் சாக்கை லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், விரித்துத்தான் அப்பாவைப் பெற்றாராம். முன்னணையில் கிடத்திய பிள்ளை என்று வாசிக்கும்போது எனக்கு அந்தக் காம்பராதான் தெரிகிறது. இயேசு நம் லயத்துக்கு வந்தவர் என்று முதல்தடவையாக மனசார நம்புகிறேன்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்களேன்: லயத்தில் நடந்த பிரசவம், பதிவுக்கு அலைந்த அலைச்சல், கப்பலில் பிரிந்த உறவு. நாலு வரி போதும், குரல் பதிவும் சரி. பழைய பதிவுத் துண்டு இருந்தால் நம்பரை மறைத்துப் படம் அனுப்புங்கள். நத்தாருக்குச் சபையில் பேர் போடாமல் வாசிப்போம். டிசம்பர் 20க்குள் கிடைத்தால் பிள்ளைகள் வாசித்துப் பழகிக்கொள்ள நேரம் இருக்கும்.