கீழ்த்தாடை நரம்பு: ஓபிஜி போதுமா, சிபிசிடியா, எம்ஆர்ஐயா?

குழித்துறைக்காரி:
வலது பக்கம் கீழே ஞானப்பல் சாய்ந்து படுத்துக்கிடக்கிறது. ஏத்தங்காய் சிப்ஸ் கடிக்கும்போது குத்த ஆரம்பித்தது, இப்போது வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. மார்த்தாண்டத்தில் டாக்டர் ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) பார்த்துவிட்டு, வேர் நரம்பு மேலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியுது, சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்துட்டு வாங்க, அப்புறம் பல்லை எடுக்கலாம் என்கிறார். ஓபிஜிக்குக் கொடுத்ததைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கிறார்கள். துபாயில் இருக்கும் அண்ணன் "நரம்புன்னா எம்ஆர்ஐதானே" என்கிறான். எங்கள் மாமாவுக்குப் பல் பிடுங்கி நாலு வருஷமாகக் கீழுதடு மரத்தே கிடக்கிறது, கட்டன்சாயா தாடையில் வழிந்தால் மாமி சொன்னால்தான் துடைப்பார். அதனால்தான் கேட்கிறேன், எதில் நரம்பு தெரியும்?

ஸ்கேன்ரூம்_நாகர்கோவில்:
அக்கா, நான் ஸ்கேன் சென்டரில்தான் வேலை பார்க்கிறேன். ஓபிஜியும் சரி, சிபிசிடியும் சரி, நரம்பைக் காட்டாது, நரம்பு ஓடுகிற எலும்புக் குழாயைத்தான் காட்டும். ஓபிஜி தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாக விரிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இல்லாத இரண்டு தென்னைகளின் நிழல் சுவரில் ஒட்டி விழுவதில்லையா, அதே கதைதான், வேரும் குழாயும் தொடுகிறதா விலகி நிற்கிறதா என்று அதில் சொல்ல முடியாது. படமும் நிஜத்தைவிட 20, 30 சதவீதம் பெரிதாக விழும்.

ஆனால் உங்கள் டாக்டர் சும்மா சொல்லவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழாயின் ஓரமாக ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு வேர் வரும் இடத்தில் அறுந்திருக்கிறதா, வேர் அங்கே கறுத்திருக்கிறதா, குழாய் திடீரென்று வளைந்து போகிறதா? ரூட், ஷெஹாப் என்ற இருவர் 1990இல் எழுதியதிலிருந்து இந்த மூன்றையும்தான் ஆபத்து அடையாளமாகப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் ஓபிஜியே போதும். இருந்தால் சிபிசிடி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, குறுக்குவெட்டில் குழாய் கன்னத்துப் பக்கமா நாக்குப் பக்கமா, நடுவில் எலும்பு மிச்சம் இருக்கிறதா என்பது வரை தெரியும்.

நரம்பையே பார்க்க எம்ஆர்ஐதான், அண்ணன் சொன்னது தப்பில்லை. கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் வாயில் உலோக கேப், கம்பி இருந்தால் படம் கெட்டுப்போகும், நேரமும் செலவும் அதிகம், எலும்பு விவரமும் சிபிசிடி அளவுக்குத் தெளிவாக வராது. ஞானப்பல்லுக்கு முன்கூட்டியே யாரும் அதை எழுதிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

மண்டைக்காட்டான்:
எனக்கு இரண்டு வருஷம் முன்னால் இதே கதை. சிபிசிடியில் குழாய் இரண்டு வேருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. டாக்டர் முழுப் பல்லையும் எடுக்காமல் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிட்டார், அதற்கு கரோனெக்டமி என்று பெயர். உதடு நல்லா இருக்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஸ்கேன் எடுத்துவிட்டால் மரத்துப்போகாது என்று நினைத்துவிடாதீர்கள். ஓபிஜி எடுத்தவர்களையும் சிபிசிடி எடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நரம்புக் காயம் குறைந்ததாகத் தெளிவாக வரவில்லை. ஸ்கேன் பார்த்து டாக்டர் வெட்டும் விதத்தை மாற்றினால்தான் பிரயோஜனம். அதோடு நாக்கு நரம்பு எலும்புக்குள்ளே போவதே இல்லை, பக்கத்துச் சதையில் ஓடுகிறது, அது இரண்டு படத்திலும் வராது.

குழித்துறைக்காரி:
வெள்ளைக் கோடு அறுந்துதான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அம்மா கதிர்வீச்சு என்று பயப்படுகிறார்.

மண்டைக்காட்டான்:
அம்மாவை ஒருநாள் மணவாளக்குறிச்சி கடற்கரைக்குக் கூட்டிட்டு வாங்க 😀 அந்தக் கறுப்பு மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் கதிர்வீச்சு விடும் தோரியம் இருக்கிறது, அந்த மணல் மேல்தான் நாங்கள் கபடி ஆடினோம்.

ஸ்கேன்ரூம்_நாகர்கோவில்:
விளையாட்டு இருக்கட்டும். இயற்கையாகவே ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு வந்து சேரும் கதிர்வீச்சு, உலக சராசரி சுமார் 2400 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஓபிஜி 20 சொச்சம், சிபிசிடி மெஷினையும் எடுக்கும் பகுதியின் அளவையும் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து சில நூறு வரை. அதனால் முழுத் தாடை வேண்டாம், வலது கீழ்ப்பக்கம் மட்டும் சின்ன அளவில் எடுங்கள் என்று கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிலிமோடு விடாமல் ஸ்கேன் பதிந்த சிடி தட்டையும் வாங்குங்கள், டாக்டர் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிப் பார்க்க அதுதான் வேண்டும்.

குழித்துறைக்காரி:
வெள்ளிக்கிழமை போகிறேன். கம்மலைக் கழற்றணுமா?

ஸ்கேன்ரூம்_நாகர்கோவில்:
கம்மல், மூக்குத்தி, செயின் எல்லாம். ஓபிஜியில் வலது கம்மலின் மங்கல் நிழல் இடது பக்கம் போய் விழும், சிபிசிடியில் கோடு கோடாக இழுக்கும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாங்கக்கா, இங்கே தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருத்தர்.