இசைவிழாக் கூடாரத்தில் கொசுக்கடி: டீட்டா, எண்ணெயா?

கூடாரக்கயிறு:
அடுத்த மாதம் மூன்று நாள் திறந்தவெளி இசைவிழா, இரண்டு இரவும் டென்டில்தான். போன கோடையில் இப்படிப் போனபோது சாக்ஸ் விளிம்பை ஒட்டி வரிசையாகக் கடித்து வைத்துவிட்டன. சொறிந்து சொறிந்து ஒரு தடிப்பு சீழ் பிடித்தது. இந்த முறை டீட் என்ற வேதிப்பொருள் உள்ள கொசுவிரட்டி வாங்கவா, இயற்கை எண்ணெய் போதுமா? கூட வருகிற தோழிகளே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

வேப்பங்கொழுந்து:
டீட் வேண்டவே வேண்டாம். ஒருமுறை அதைப் பூசிய கையோடு கைக்கடிகாரத்தைக் கட்டினேன். மேல்மூடி பிளாஸ்டிக் இளகி, என் விரல்ரேகை அதில் அப்படியே பதிந்துவிட்டது. பிளாஸ்டிக்கையே இளக்குகிற பொருளை மூன்று நாள் வியர்வையோடு உடம்பில் ஊறவிட எனக்கு மனசு வரவில்லை. ஒருவகைப் புல்லிலிருந்து எடுக்கும் சிட்ரோனெல்லா எண்ணெய்தான் பூசுகிறேன்.

இரவுப்பறவை:
கடிகாரம் கெட்டிருக்கும், நம்புகிறேன். சில பிளாஸ்டிக்கையும் ரேயான், ஸ்பான்டெக்ஸ் துணிகளையும் டீட் கெடுக்கும். ஆனால் தோல் பிளாஸ்டிக் இல்லையே. 1957 முதல் பொதுமக்கள் பூசிவருகிறார்கள், சொன்னபடி பூசினால் பெரிய பாதிப்பு வருவது மிக அரிது. 2002-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு சோதனை வெளிவந்தது. சுமார் 24 சதவீத டீட் சராசரியாக 300 நிமிடம் காத்தது. சோதித்த சிட்ரோனெல்லா எண்ணெய் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. விரட்டி தடவிய கைப்பட்டைகளால் பயனே இல்லை. ஒரு குழு பாடி இறங்குவதற்குள் உங்கள் எண்ணெய் ஆவியாகிப் போயிருக்கும்.

வேப்பங்கொழுந்து:
அப்போது திரும்பப் பூசிக்கொள்கிறேன், எனக்கு அது சிரமம் இல்லை. 100 சதவீத டீட் என்று போட்டு விற்கிறார்களே, அதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? எங்களோடு அக்கா மகளும் வருகிறாள், இரண்டரை வயது. அவளுக்கு இயற்கையானதைத்தான் கொடுப்பேன்.

இரவுப்பறவை:
100 சதவீதம் தேவையே இல்லை, அதில் நானும் உங்கள் பக்கம். சதவீதம் கூடினால் காக்கும் நேரம்தான் நீளும், 50-ஐத் தாண்டினால் அதுவும் பெரிதாக நீளாது. 20, 30 போதும். ஆனால் குழந்தை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இயற்கை வகையில் நன்றாக வேலை செய்வது எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்திலிருந்து எடுக்கும் பிஎம்டி என்ற பொருள். அதைத்தான் மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பூசக்கூடாது என்கிறார்கள். டீட் பிடிக்காவிட்டால் பிக்காரிடின் என்று வேறொரு விரட்டி மருந்து இருக்கிறது, அதில் 20 சதவீதம் உள்ளதைப் பாருங்கள். நெடி இல்லை, பிளாஸ்டிக்கும் இளகாது. குழந்தைக்கு எதைப் பூசுவதானாலும் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கையில் பூசாதீர்கள், விரலை வாயில் வைப்பாள்.

ஆற்றுமணல்:
இருவரும் பாட்டிலை வைத்தே பேசுகிறீர்கள். பாதிக் கடியை டென்ட் போடும் இடமே தீர்மானித்துவிடுகிறது. குட்டை, உயர்ந்த புல், கழிவறைப் பக்கத்து ஈரம் இதெல்லாம் வேண்டாம். கொஞ்சம் மேடாக, காற்று வருகிற இடம் பாருங்கள். கொசு பலமாகப் பறக்காது, பேட்டரி விசிறிக் காற்றையே எதிர்க்கத் திணறும்.

அப்புறம் உடை. இறுக்கமான லெக்கிங்ஸ் வழியாகவே கொசு குத்திவிடும். தொளதொளவென்று, வெளிர் நிறத்தில், முழுக்கால் முழுக்கை போடுங்கள். கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், அது உண்ணிக்காக. உண்ணி குதிக்காது, பறக்காது. புல் நுனியில் காத்திருந்து காலைப் பற்றி மேலே ஏறும். ஒட்டிவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கொசுவர்த்தியை மட்டும் டென்டுக்குள் ஏற்றவே கூடாது. துணி பற்றிக்கொள்ளும், மூடிய இடத்தில் புகை நெஞ்சை அடைக்கும்.

இரவுப்பறவை:
கோடை வெயிலில், கூட்டத்துக்கு நடுவே, பகல் முழுக்க முழுக்கைச் சட்டையா? நடக்காது அண்ணா. ஒரு மணி நேரத்தில் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், பிறகு கை வெறுங்கைதான். அதனால்தான் பூச்சு அவசியம் என்கிறேன். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசுவிரட்டி. இரண்டும் கலந்த ஒரே கிரீம் வேண்டாம், சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக்கூடாது. இரவு படுக்கும் முன் கழுவிவிடுங்கள்.

ஆற்றுமணல்:
பகலுக்குச் சரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலும் கடிக்கும் என்பதால் அதை மறுக்கவில்லை. சட்டையை அந்தி சாயும்போது போட்டால் போதும். இன்னொன்று: 2023-இல் நெதர்லாந்தின் லோலேண்ட்ஸ் இசைவிழாவுக்கு வந்த 500 பேர் அளவில் சோதித்தார்கள். கொசுக்கூண்டுக்கு வெளியே கையை வைக்கச் சொன்னார்கள், வாசனை உள்ளே போகும், கொசுவால் கடிக்க முடியாது. பீர் குடித்தவர்களின் கையைத் தேடித்தான் கூடுதலாக வந்தனவாம். சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் குறைவு.

வேப்பங்கொழுந்து:
குழந்தைக்கு எண்ணெயும் வேண்டாம், வலையோடு நிறுத்திக்கொள்கிறேன், மருத்துவரையும் கேட்கிறேன். எனக்குப் பிக்காரிடின் வாங்கிப் பார்க்கிறேன். டீட்டை இன்னும் தொடமாட்டேன், அதில் மாற்றமில்லை.

கூடாரக்கயிறு:
இதையெல்லாம் படித்துவிட்டு இப்போதுதான் டென்டைக் கூடத்தில் விரித்துப் பார்த்தேன். வாசல் வலையில் ஜிப் முடிகிற மூலை நூல் பிரிந்து, என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. தூங்கும்போது கால் நீட்டுகிற பக்கமும் அதுதான். ஊசிநூல் எடுத்துவிட்டேன், பாட்டில் விஷயம் நாளைக்கு.