மேடையில் துடிப்போடு இருக்கும் பாட்டு வீட்டுப் பதிவில் ஏன் சோர்ந்துபோகிறது?

நான்காம் கம்பி (கேள்வி):

வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து வாசிக்கும் சிறிய பேண்ட். டிரம்ஸ், பேஸ் கிட்டார், எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு ஆகியவை எங்கள் வாத்தியங்கள்; கிட்டார் வாசிப்பவரே பாடவும் செய்கிறார். யாருக்கும் இசை தொழில் இல்லை. வாரத்தில் ஒரு மாலை மூன்று மணி நேரம் பயிற்சி, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ நிகழ்ச்சி என்று போகிறது. மேடையில் கேட்டவர்கள் சிலர் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியதால், எங்கள் சொந்தப் பாடல்கள் ஐந்தை என் படுக்கையறையிலேயே பதிவு செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

என்னிடம் இருப்பவை இரண்டு மைக் இணைக்கக்கூடிய ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவி), ஒரு ஷூர் எஸ்எம்58 (மேடையில் பாடுவதற்கான மைக்), ஒரு கண்டென்சர் மைக், மேசை மேல் வைக்கும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். முதலில் நிமிடத்துக்கு 112 தட்டு என்று கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) வைத்துக்கொண்டோம். பிறகு ஒவ்வொருவராக வெவ்வேறு நாளில் வந்து, ஹெட்ஃபோனில் கிளிக்கைக் கேட்டபடி தங்கள் பங்கை வாசித்துவிட்டுப் போனார்கள். டிரம்ஸ் செட் அறைக்குள் அடங்காது என்பதால் அதைக் கீபோர்டின் பட்டன்களில் தட்டிப் பதிவு செய்தோம்.

வந்து சேர்ந்த பாட்டில் ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை, தாளமும் சரியாகவே இருக்கிறது, ஆனால் கேட்டால் எங்கள் பாட்டு மாதிரியே இல்லை. இரண்டாம் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் எங்கள் டிரம்ஸ்காரர் ஸ்நேர் (டிரம்ஸ் செட்டில் கூர்மையாக ஒலிக்கும் முரசு) அடியை ஒரு நூலிழை பின்னுக்கு இழுப்பார். அவருடைய முழங்கை மேலே எழுவதைப் பார்த்துக்கொண்டே நானும் என் பேஸின் கம்பி மேல் விரலை வைத்துக் காத்திருந்து அவரோடு சேர்ந்து இறங்குவேன். மேடையில் கூட்டம் தலையசைக்கும் இடம் அதுதான். பதிவில் அந்த இடம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

இதோடு வேறு மூன்று சிக்கல்களும் இருக்கின்றன. பாடியவரின் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே விழுகிறது, ஆனால் மேடையில் அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பேஸில் மூன்றாம் ஃப்ரெட்டில் (மெட்டில்) வாசிக்கும் ஜி ஸ்வரம் என் அறையில் மெலிந்து கேட்டதால் அதைக் கூட்டி வைத்தேன். காரில் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் கதவை அதிரவைக்கிறது. கடைசியாக, மேடையிலேயே பாடகரின் குரல் எங்களுக்குக் கேட்பதில்லை, கூட்டினால் உடனே ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து எழும் ஊளை) வந்துவிடுகிறது. இன்னும் இரண்டு மைக் வாங்கினால் இவற்றில் ஏதாவது தீருமா, அல்லது நாங்கள் பதிவு செய்யும் முறையே தவறா?

ஸ்நேர்காரர் (மறுமொழி):

உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அவருடைய முழங்கையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பதாகச் சொன்னீர்களே, தனித்தனியாகப் பதிவு செய்தபோது உங்களுக்குப் பார்க்க முழங்கையே இல்லை. கிளிக் எந்த இடத்திலும் யாருக்காகவும் காத்திராது. ஆகவே மைக் வாங்குவதை ஒத்திவைத்துவிட்டு, டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பாட்டின் நடையும் மூச்சும் அந்த மூவரிடம் இருந்துதான் வருகின்றன. கீபோர்டையும் இறுதிக் குரலையும் பிறகு வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி செய்யும் அறையிலேயே இதைச் செய்யலாம். இன்டர்ஃபேஸில் இரண்டே வழிகள் இருப்பது தடைதான், அதற்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. யூஎஸ்பி வழியாக ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பும் டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்றவை 18 சேனல்களை அப்படி அனுப்பும். பேஸை டிஐ பாக்ஸ் (மைக் இல்லாமல் வாத்தியத்தை நேரடியாக இணைக்கும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்ஸரில் கொடுங்கள், அதனால் அறையில் பேஸ் ஒலியே எழாது, எல்லோரும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்வீர்கள். கிட்டாரையும் டிஐ வழியாகச் சுத்தமாகப் பதிவு செய்துகொண்டு, பிறகு ஒரு நாள் அந்தப் பதிவையே ஆம்புக்குள் (கிட்டாரின் ஒலிபெருக்கிக்குள்) அனுப்பி மைக் வைத்து எடுக்கலாம். பாடகர் டிரம்ஸ் பக்கம் முதுகைக் காட்டி நின்று வழிகாட்டியாக மட்டும் பாடட்டும்.

டிரம்ஸுக்கு மூன்று மைக் போதும். இங்கிலாந்தின் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் பெயரால் அறியப்படும் முறையை முயன்று பாருங்கள். ஒரு மைக் ஸ்நேருக்கு நேர் மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டாவது ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் பெரிய முரசுக்கு) அப்பால், அதன் விளிம்பைவிடச் சற்று உயரத்தில், ஸ்நேரைப் பார்த்தபடி இருக்கும். மூன்றாவது காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு நூலை எடுத்து அதன் ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையை மேல் மைக் வரை இழுத்து, எட்டும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு ஸ்நேரிலிருந்து விரலை எடுக்காமல் நூலைப் பக்க மைக்குக்குத் திருப்பி, அதே முடிச்சு மைக்கின் முகத்தைத் தொடும் வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். இரண்டு தூரமும் சமமாக இருந்தால் ஸ்நேரின் அடி இரண்டு மைக்கையும் ஒரே கணத்தில் சேரும். ஒரு சாண் வித்தியாசம் வந்தாலும் இரண்டு பதிவுகளும் ஒன்றையொன்று அரித்து ஸ்நேர் தகரம் மாதிரி ஒலிக்கும். நான் பல ஆண்டுகள் ஈக்யூவை (ஒலியின் கீழ், மேல் ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) திருகியே இதைச் சரிசெய்ய முயன்று தோற்றவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கிளிக்கை முதல் இரண்டு ஆவர்த்தனம் மட்டும் கேட்டுக் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் நான்கு முறை, நடுவில் நிறுத்தாமல் முழுதாக வாசியுங்கள். நான்கில் எதில் நடை இயல்பாக ஓடுகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, பேஸிலோ கிட்டாரிலோ பிசகிய ஒன்றிரண்டு இடங்களை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அறைமூலை (மறுமொழி):

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், கிளிக்கைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. கீபோர்டில் முன்பே பதிந்துவைத்த பகுதிகளோ தாளத்தோடு ஒட்டிய எதிரொலியோ உள்ள பாட்டானால் கிளிக் கடைசி வரை டிரம்ஸ்காரரின் காதில் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவரை மட்டும் பின்பற்றட்டும்.

குரல் பின்தங்குவதற்கு உங்கள் பாடகர் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அவர் தம் குரலை மென்பொருள் வழியாக ஹெட்ஃபோனில் கேட்டாரா? அப்படியானால் பஃபர் அளவைப் பாருங்கள்; கணினி ஒலியைச் சாம்பிள் எனும் நுண்துண்டுகளாக்கி, இத்தனை சேர்ந்த பிறகே கையாளும் என்ற அளவு அது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 1024 சாம்பிள் பஃபர் என்பது ஏறக்குறைய 23 மில்லிநொடி. உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே போகும்போது ஒரு முறையுமாக 46 மில்லிநொடிக்குக் குறையாது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது என்பதால், அவர் 16 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரில் தம் குரலைக் கேட்டுப் பாடியதற்கு அது சமம். அந்த நிலையில் யார் பாடினாலும் இழுக்கும். பஃபரை 128க்குக் குறையுங்கள், அல்லது இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி மென்பொருள் வழியை அணைத்துவிடுங்கள். பதிவான ஒலியை மென்பொருள் சரியான இடத்தில் வைக்கிறதா என்பதையும் ஒரு முறை சோதியுங்கள்: இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே இணைத்து, கிளிக்கை ஓடவிட்டுப் பதிவு செய்து, இரண்டு கிளிக்குகளும் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

ஜி ஸ்வரத்தைப் பொறுத்தவரை உங்கள் அறை ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளமாகவும், உங்கள் நாற்காலி அதன் நடுவிலும் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி தேங்கி நிற்கும் முதல் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் போதும், 3.5 மீட்டருக்கு அது 49 ஹெர்ட்ஸ். பேஸின் மூன்றாம் ஃப்ரெட் ஜி ஸ்வரமும் 49 ஹெர்ட்ஸ்தான். அப்படித் தேங்கும் ஒலி சுவரோரத்தில் பெருத்தும், நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்தும் போகும். நீங்கள் நடுவில் அமர்ந்து அது இல்லையென்று கூட்டினீர்கள், கார் உண்மையைச் சொல்லிவிட்டது. சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் அட்டைகள் இதற்கு உதவாது, அவை மேல்ஸ்தாயி ஒலிகளை மட்டுமே விழுங்கும். நாற்காலியையும் மேசையையும் முன்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள், பேஸ் அளவை மட்டும் ஹெட்ஃபோனில் தீர்மானியுங்கள்.

குரலை எடுக்கும்போது பலரும் மைக்கின் பின்னால் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கிறது, ஆகவே பாடகரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியே நேராக உள்ளே வருகிறது. கனமான போர்வையை அங்கே தொங்கவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாடச் சொல்லுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் மென்பொருளின் ஒலியளவு மானியில் உச்ச ஒலி கழித்தல் 12 டெசிபெல் அளவில் நின்றாலே தாராளம்.

மேடையோரம் (மறுமொழி):

மேடைச் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தால் அது வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. கூர்மையான ஒலிகள் ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில் செல்வதால் அவருக்குத் தம் கிட்டார் மங்கலாகக் கேட்கிறது, அவர் கூட்டுகிறார், முன்வரிசையில் இருப்பவர்களின் காது கிழிகிறது. ஆம்பைச் சாய்த்து அவருடைய காதைப் பார்க்க வையுங்கள், தாமாகவே குறைத்துக்கொள்வார்.

எஸ்எம்58 தனக்கு நேர் பின்னால் வரும் ஒலியைத்தான் மிகவும் குறைவாக எடுக்கும், ஆகவே மானிட்டர் ஸ்பீக்கர் (மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) மைக்கின் வாலுக்கு நேரே இருக்க வேண்டும். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு மைக்காக இருந்தால் அதற்குச் செவிடான இடம் பின்பக்கத்தின் இரு ஓரங்களில் இருக்கும், மானிட்டரையும் அங்கே ஒதுக்க வேண்டும். பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவரானால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். உதட்டுக்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுகிறது, அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பயிற்சியிலேயே வரிசையை மாற்றுங்கள். முதலில் குரலை மட்டும் ஃபீட்பேக் வரும் எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்து, பிறகு மற்ற மூவரும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்கும் அளவுக்குள் வாசிக்கப் பழகுங்கள். டிரம்ஸ்காரருக்குத்தான் இது மிகவும் கடினம். மெல்ல அடிக்கும்போது நடை தளராமல் வைத்திருப்பதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், அவரை அவசரப்படுத்தாதீர்கள். காதடைப்பான்களும் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பணிநலப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் 100 டெசிபெல் ஒலிக்கு நாளொன்றுக்கு 15 நிமிடமே வரம்பு என்கிறது, நீங்கள் மூடிய அறையில் மூன்று மணி நேரம் வாசிக்கிறீர்கள்.

நான்காம் கம்பி:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அறையை அளந்தேன், 3.4 மீட்டர், நாற்காலி நடுவில்தான் இருந்தது. மேசையைச் சன்னல் பக்கம் நகர்த்தியதும் ஜி ஸ்வரம் திரும்பி வந்துவிட்டது, நான் கூட்டி வைத்திருந்ததையெல்லாம் நீக்கிவிட்டேன். கேபிளை இணைத்துச் சோதித்ததில் பதிவு 380 சாம்பிள் பின்தங்கி விழுவதைக் கண்டு அதையும் மென்பொருளில் திருத்தினேன்.

சென்ற வாரம் இரவல் மிக்ஸரோடு பயிற்சி அறையில் முதல் பாட்டை எடுத்தோம். நூலில் முடிச்சுப் போட்டு மைக் வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. நான்கு முறை வாசித்ததில் மூன்றாவதை வைத்துக்கொண்டோம். 112இல் தொடங்கிய பாட்டு முடியும்போது 115ஐத் தொட்டிருக்கிறது, கேட்கும்போது அது தெரியவில்லை. பல்லவிக்குத் திரும்பும் அந்த இடத்தில் ஸ்நேரும் என் கம்பியும் சேர்ந்தே இறங்குகின்றன. அதை நான் பலமுறை போட்டுக் கேட்டுவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். டிரம்ஸ் மைக்குகளில் பாடகரின் வழிகாட்டிக் குரலும் மெலிதாகப் பதிந்திருக்கிறது. புதிய குரலைச் சேர்த்தபின் அது பேய்க்குரல் போல் பின்னால் கேட்காதா?

ஸ்நேர்காரர்:

அதே சொற்களை அதே இடத்தில் பாடினால் பெரும்பாலும் மறைந்துவிடும். வரிகளை மாற்றிப் பாடும் எண்ணம் இருந்தால்தான் தொல்லை, ஆகவே மீதி நான்கு பாடல்களுக்கும் பாட்டு வரிகளை இறுதி செய்துகொண்டு அறைக்குப் போங்கள். அவர் வழிகாட்டியாகப் பாடும்போது மைக்குக்கு மிக நெருக்கமாக, மெல்லிய குரலில் பாடினால் டிரம்ஸ் மைக்குகளுக்கு அது எட்டவே எட்டாது.