கோயம்பேடு "சாஃப் கேம்ஸ் வில்லேஜ்" – அந்த பேர் எப்படி வந்துச்சு?

கெடிலக்கரை, கடலூர்:
வணக்கம் மக்களே. எங்க அக்கா சென்னையில கோயம்பேடு பக்கம் வாடகைக்கு இருக்காங்க, அட்ரஸ்ல சாஃப் கேம்ஸ் வில்லேஜ்னு வரும். நான் ரொம்ப நாளா அதை "சாஃப்ட் கேம்ஸ்"னு படிச்சுட்டு ஏதோ கம்ப்யூட்டர் கேம் கம்பெனிக்காரன் கட்டின காலனி போலன்னு நம்பிட்டு இருந்தேன், சிரிக்காதீங்க. போன வாரம் பண்ருட்டி முந்திரி பார்சல் போடுறப்ப கொரியர் கடைக்காரரும் அப்படித்தான் எழுதினார். வீட்ல சொன்னா அப்பா "டேய் அது 95ல மெட்ராஸ்ல நடந்த விளையாட்டுடா, நேரு ஸ்டேடியத்தையே அதுக்குத்தான் கட்டினாங்க"ன்னு சொல்லிட்டு திரும்ப டிவி பார்க்க போயிட்டார். நிஜமாவே அப்படி ஒரு போட்டி இங்க நடந்துச்சா? யாராச்சும் போய் பார்த்திருக்கீங்களா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
நடந்துச்சு தம்பி. சாஃப்னா தெற்காசிய கூட்டமைப்பு. ஆசிய விளையாட்டு மாதிரியேதான், ஆனா இந்தியா பாகிஸ்தான் இலங்கை பங்களாதேஷ் நேபாளம்னு நம்ம சுத்துவட்டார நாடுங்க மட்டும். முதல்ல 1984ல காத்மாண்டுல ஆரம்பிச்சது, 87ல கல்கத்தா, ஏழாவது தடவை 1995 டிசம்பர் 18ல இருந்து 27 வரைக்கும் மெட்ராஸ். வந்த வீரர்களை தங்க வைக்க கட்டினதுதான் உங்க அக்கா இருக்கற வில்லேஜ், போட்டி முடிஞ்சதும் குடியிருப்பா ஆயிடுச்சு. வேளச்சேரி நீச்சல் குளமும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியமும் அதே வருஷத்து கணக்குதான். அந்த டென்னிஸ் ஸ்டேடியம் இருந்ததாலதான் 1997ல இருந்து 2017 வரைக்கும் வருஷா வருஷம் சென்னை ஓப்பன் நடந்துச்சு, நடால் எல்லாம் வந்து ஆடுனான்.

அப்பா சொன்னதுல ஒரு திருத்தம். நேரு ஸ்டேடியம் சாஃப்புக்கு கட்டினது இல்ல, 1993 நேரு கோப்பை ஃபுட்பாலுக்காக அவசர அவசரமா ஒரு வருஷத்துக்குள்ள எழுப்பினது, 95ல அது ரெடியா கையில இருந்துச்சு அவ்ளோதான். அந்த இடத்துல முன்னாடி கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956ல நியூசிலாந்துக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்ட்ல நம்ம வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடிச்சது அங்கதான், 2008 வரைக்கும் அதை யாராலயும் தாண்ட முடியல. கிரிக்கெட்டுன்னாலே சேப்பாக்கம்னு நினைக்கறவங்களுக்கு இது பாதி பேருக்கு தெரியாது.

இன்னொரு கூத்து பாருங்க. 96ல மெட்ராஸ் சென்னை ஆயிடுச்சு, 2004ல சாஃப் கேம்ஸும் தெற்காசிய விளையாட்டுன்னு பேர் மாறிடுச்சு. ஊர் பேரும் போச்சு போட்டி பேரும் போச்சு, உங்க அக்கா வீட்டு அட்ரஸ்ல மட்டும்தான் மிச்சம் இருக்கு.

மஞ்சக்குப்பம் மாமா, கடலூர்:
நான் போயிருக்கேன். அப்ப எனக்கு பத்தொன்பது வயசு. திருப்பாப்புலியூர்ல மீட்டர் கேஜ் வண்டி ஏறி எழும்பூர்ல இறங்கி, அங்கேர்ந்து பெரியமேட்டுல இருக்கற நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போனோம் நானும் எங்க தாய்மாமனும், அவருக்குத்தான் பாஸ் கிடைச்சிருந்தது. ஃபுட்பால் ஃபைனல், இந்தியா பங்களாதேஷ். எங்கம்மா தூக்குல புளிசாதம் கட்டி குடுத்திருந்தாங்க, கேட்ல நின்னவர் எவர்சில்வர் தூக்கு உள்ள போகக்கூடாதுன்னுட்டார், வெளியில வெச்சுட்டு போங்கன்றார், எங்கம்மா தூக்கை ரோட்ல வெச்சுட்டு போனா வீட்டுக்கு எப்படி போறது, அதனால மாமா என்னை ஓரமா சுவர்கிட்ட உட்கார வெச்சு ரெண்டு பேரும் அவசர அவசரமா சாப்பிட்டு முடிச்சு, தூக்கை கழுவக்கூட தண்ணி இல்லாம எதிர்ல இருந்த டீக்கடையில கெஞ்சி குடுத்துட்டு உள்ள போறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சு பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு.

உள்ள போனதும் அந்த லைட்டு! நம்ம ஊர்ல ராத்திரி கோயில் திருவிழாவுக்கு போடுற வெளிச்சத்தை தவிர ஒண்ணும் பார்க்காதவன் நான், புல்லு பகல்ல இருக்கறதை விட பச்சையா தெரிஞ்சுது. 1-0ன்னு ஜெயிச்சோம், தங்கம். அந்த கோலை பார்த்தியான்னு இன்னைக்கும் கேட்பாங்க, முன்சீட்டு ஆள் சரியா அந்த நேரம் எழுந்து நின்னுட்டார்ப்பா, எனக்கு தெரிஞ்சது அவர் சட்டை முதுகுதான். கட்டம் போட்ட சட்டை. திரும்பி வர்றப்ப டீக்கடைக்காரர் தூக்கை கழுவி கவுத்து வெச்சிருந்தார், காசு வாங்கல.

ஒயிட்டவுன்_பாய், புதுச்சேரி:
செம மாமா. எனக்கு ஒரு டவுட்டு, இதெல்லாம் ஏன் நம்ம பக்கம் வர மாட்டேங்குது? உப்பளத்துல ஸ்டேடியம் இருக்குல்ல.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
ஸ்டேடியம் ஒண்ணு இருந்தா போதுமா ப்ரோ? அத்தனை நாட்டு ஆளுங்களுக்கு ரூம், ஒரே நேரத்துல பத்து பன்னெண்டு விளையாட்டு நடத்த கிரவுண்டு, பெரிய ஏர்போர்ட்டு எல்லாம் வேணும், நமக்கு சனி ஞாயிறு டூரிஸ்ட் கூட்டத்துக்கே பார்க்கிங் பத்தல. 2022 செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரம் வரைக்கும் வந்துச்சு, அதுவும் ரஷ்யாவுல நடக்க முடியாம போனதால வந்தது. ஈசிஆர்ல அந்தப்பக்கம் நின்னு போச்சு.

கெடிலக்கரை, கடலூர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மாமா தூக்கு கதை டாப். நேரு ஸ்டேடியம் மேட்டரை அப்பாகிட்ட சொன்னேன், "93ஓ 95ஓ, எல்லாம் ஒண்ணுதான்"னு ஒத்துக்காம போயிட்டார். அக்காவுக்கு இதெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், "அதெல்லாம் இருக்கட்டும், முந்திரி இன்னும் வரல"ன்னு ரிப்ளை. கொரியர்ல போன் போட்டு கேட்டா அப்படி ஒரு கேம் கம்பெனியே அந்த ஏரியாவுல இல்லைன்னு டெலிவரி பையன் திருப்பி அனுப்பிட்டானாம்.